என் வலது கண்ணும் நங்கையின் நூலும்

1936ஆம் வருஷம் மாசி மாதம், ஒரு நாள் உச்சிப்பொழுதில், ஒரு தோட்டத்துக் கிணற்றின் விளிம்பில் நின்றுகொண்டு, அது கிணறு என்று தெரியாமல் அடுத்த அடி எடுத்து வைக்கப் போனேன். என் சாட்சியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிரியமான சபையாருக்கு ஸ்தோத்திரம். நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேச எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை. பெண்கள் ஜெபக்கூட்டத்தில் என் முறை வரும்போது குனிந்த தலை நிமிராமல் ஆமென் மட்டும் சொல்லி அடுத்தவளுக்கு விட்டுவிடுவேன். அது உங்களுக்கெல்லாம் தெரியும். போதகர் ஐயா, "பேச வரலைன்னா எழுதிக் குடுங்கம்மா, நான் படிக்கிறேன்" என்றார். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும் படித்தவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அடுப்பெரிக்கப் பருத்திமார்க் குச்சி பொறுக்கப் போயிருந்தேன். வெயில் ஏற ஏற எனக்கு எல்லாம் வெள்ளையாகிவிடும். மற்றவர்களுக்கு ராத்திரி எப்படியோ, எனக்கு உச்சிவெயில் அப்படி. பழகின தடம்தானே என்று கால் போன போக்கில் போனேன். மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலையின் சத்தம் காதில் விழுந்தது. அது எனக்கு இடது பக்கம் இருக்கிறது என்று நினைத்தேன். நேர் எதிரே இருந்திருக்கிறது.

"அம்மா, நில்லுங்க. அப்பிடியே நில்லுங்க. காலைத் தூக்காதீங்க."

கவலை ஓட்டுகிறவர் மாட்டை விட்டுவிட்டு ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. "கண்ணு தெரியலீங்களா?" என்று கேட்டார்.

"தெரியுதுங்க. ஏதோ ரோசனையா வந்துட்டனுங்க" என்றேன்.

சாவிலிருந்து இழுத்துப் போட்டவரிடமே பொய் சொன்னேன். என் பழக்கம் அப்படி.

நான் ஏன் மறைத்தேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் தாராபுரத்துக்குப் பக்கம், அமராவதிக்கு அக்கரை. வீட்டில் இரண்டே பேர். நான், அப்புறம் என் வீட்டுக்காரருடைய அக்காள் சாராள். நங்கை என்று கூப்பிடுவேன். இரண்டு பேருமே கைம்பெண்கள். நங்கைக்கு என்னைவிட நாலு வயது அதிகம், வாய்க்கு நாற்பது வயது அதிகம். இரண்டு பேரும் ராட்டையில் கதர் நூல் நூற்றுப் பிழைக்கிறோம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் இடது கண்ணில் புரை விழுந்தது. சந்தையில் ஒரு கண் வைத்தியர் வந்திருப்பதாகவும், ஊசியால் புரையைத் தள்ளி ஒரு நிமிஷத்தில் பார்வை கொடுப்பதாகவும் ஊரே பேசியது. நங்கைதான் என் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். அந்த ஆள் சொன்னபடிதான் செய்தார். ஊசியை விட்டார், தள்ளினார், அவருடைய மஞ்சள் தலைப்பாகை எனக்குத் தெரிந்தது. நானும் நங்கையும் சந்தை நடுவிலேயே ஸ்தோத்திரம் சொன்னோம். ஏழு நாள் கட்டை அவிழ்க்கக் கூடாது என்றார். மூன்றாம் நாளே குத்தல் தொடங்கியது. அவிழ்க்கக் கூடாது என்றாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஏழாம் நாள் அவிழ்த்தபோது சீழ்தான் இருந்தது. அந்த ஆள் அதற்குள் எந்த ஊர்ச் சந்தைக்குப் போனாரோ. இடது கண் அதோடு போயிற்று.

நங்கை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

அதற்கப்புறம் எனக்கிருந்தது வலது கண் ஒன்றுதான். 1934 ஐப்பசியில் அதிலும் தொடங்கியது. முதலில் நல்லது போலத்தான் இருந்தது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் இருந்தவளுக்குத் திடீரென்று கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடி இல்லாமல் பாட்டுப் புத்தகத்தைப் படித்தேன். கர்த்தர் என் வாலிபத்தைத் திருப்பித் தந்தார் என்று சந்தோஷப்பட்டேன். புரை விழுகிறபோது சில பேருக்கு அப்படி இருக்கும் என்று டாக்டர் சொல்லித்தான் பிறகு தெரியும். நாலு மாதத்தில் அந்தச் சந்தோஷம் போயிற்று. விளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்தது. நிலா இரண்டாகத் தெரிந்தது. எதிரே வருகிறவர் முகம் ஆவி பிடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் இருந்தது. குரலை வைத்துத்தான் ஆளை அறிந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எங்கேயாவது கூட்டிப் போவார்கள். கூட்டிப் போனால் மறுபடியும் ஊசி. இருக்கிற மினுக்கட்ட வெளிச்சமும் போய்விடும். இந்தப் பயத்தால் வீட்டில் எல்லாவற்றையும் எண்ணி வைத்துக்கொண்டேன். கட்டிலிலிருந்து அடுப்புக்கு ஆறு அடி, அடுப்பிலிருந்து வாசற்படிக்கு ஒன்பது. அரிசியில் கல் இருந்தால் நங்கை பொறுக்கட்டும் என்று அரிசி களைகிற வேலையை மெல்ல அவள் பக்கம் தள்ளினேன்.

நூற்பு மட்டும் எனக்குக் கை கொடுத்தது. நாற்பது வருஷமாகப் பஞ்சு பிடித்த விரல். கண்ணை மூடிக்கொண்டாலும் நூல் ஓடும் என்று நம்பினேன். அதற்குச் சாட்சியும் இருந்தது. சனிக்கிழமைதோறும் நூல் வாங்க ரங்கசாமி வருவார். நூலைச் சுற்றிச் சிட்டமாகக் கட்டி வைத்திருப்போம். யாருடையது என்று தெரிவதற்கு என் சிட்டத்தில் நீலத் துணிக் கிழிசல், நங்கையுடையதில் சிவப்பு. அவர் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார்.

"இந்த நீலக் கிழிசல் நூலு மெய்யாலுமே அருமைங்க. இந்த வயசுல எப்பிடித்தான் நூக்கறீங்களோ" என்பார். அடுத்தது சிவப்புக்குப் போவார். "ஏனுங்க சாராளம்மா, இது நூலுங்களா, ஆட்டைக் கட்டற தாம்புங்களா? இதுல வேட்டி நெஞ்சா, கட்டறவனுக்கு இடுப்பெல்லாம் புண்ணாயிருமுங்க."

"கட்டறவன் தேங்கெண்ணெய் தடவிக்கட்டும், போ" என்பாள் நங்கை.

வாராவாரம் இதுதான். வாயாடி நங்கை அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அதிகம் எதிர்த்துப் பேசமாட்டாள். எனக்குப் பாவமாக இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஜெபத்தில், "ஆண்டவரே, என் விரல்களைக் காத்தீரே, ஸ்தோத்திரம். நங்கையின் விரல்களுக்கு வயதாகிவிட்டது, அவளுக்கு இரங்கும்" என்று சொல்லியிருக்கிறேன்.

கிணற்றடியில் நடந்ததை அந்தக் கவலைக்காரர் அன்றைக்கே நங்கையிடம் சொல்லிவிட்டார். பொழுது சாய நங்கை வந்தாள். என் முன்னால் உட்கார்ந்தாள். உட்கார்ந்த சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

"ஏம்புள்ள, கெணத்துல உளுந்து செத்திருந்தா சவத்தை எடுக்க நானா எறங்கறது? எனக்கு நீஞ்சத் தெரியுமா?"

எழுந்து போகப் பார்த்தவளை முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"கோயமுத்தூருக்குப் போலாம். அங்க பெரிய ஆஸ்பத்திரியில கண்ணுக்குன்னே ஒரு டாக்டர் இருக்கறாராமா. போதகர் ஐயா கடுதாசி குடுக்கறேன்னு சொல்லறாரு."

"வேண்டாமுங்க நங்கை. ஆண்டவர் தொட்டுக் குணமாக்குவாருங்க. நான் கேட்டுக்கறேன்."

"கேளு. நானும் கேக்கறேன். லெந்து முடியற வரைக்கும் பாக்கலாம்."

அந்த லெந்து நோன்பு நாற்பது நாளும் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஜெபித்தேன். விடியும்போது எழுந்து கிழக்குப் பக்கம் பார்ப்பேன். இன்றைக்குக் கூரை தெரிகிறதா, வேப்பமரம் தெரிகிறதா என்று. நாளாக ஆக வேப்பமரம் போயிற்று. பிறகு கூரையும் போயிற்று. உயிர்த்தெழுந்த பண்டிகையன்று கோயிலில் எல்லாரும் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சத்தம் மட்டும் கேட்டது, ஒரு முகமும் தெரியவில்லை. ஆண்டவர் எனக்குச் செவிகொடுக்கவில்லை, நான் செய்த ஏதோ பாவம் என்று அன்றைக்கு அழுதேன். வீட்டுக்கு வருகிற வழியில் நங்கை என் கையைப் பிடித்திருந்தாள். "நாளன்னிக்கு பஸ்ஸு" என்றாள். அவ்வளவுதான். மறுக்க எனக்குத் தெம்பு இல்லை.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கண்ணுக்குள் விளக்கைக் காட்டிப் பார்த்தார். நிதானமான மனுஷர். இடது கண்ணைப் பார்த்ததும் விளக்கை அணைத்தார். "சந்தையிலங்களா?" என்று கேட்டார். ஆமென்று தலையாட்டினேன். பக்கத்தில் நங்கையின் மூச்சு நின்றுபோனது எனக்குக் கேட்டது.

"அம்மா, புரைன்னா கண்ணு மேல படியற தோலுன்னு நெனச்சுட்டு இருக்கறீங்க. அது இல்லீங்க. கண்ணுக்குள்ள நுங்கு மாதிரி ஒரு வில்லை இருக்குது. எளசுல தண்ணியாட்டத் தெளிவா இருக்கும். நுங்கு முத்துனா என்னாகும்?"

"வெளுத்துக் கெட்டியாயிருமுங்க."

"அதேதான். வயசானா இதுவும் முத்தி வெளுத்துப் போகுது. மேல பால் ஊத்துனாலும் தேன் ஊத்துனாலும் உள்ள இருக்கறது தெளியாது. அந்த ஊசிக்காரன் அதை வெளிய எடுக்கல. கண்ணுக்குள்ளயே தள்ளி உட்டுட்டான். ஊசியும் சுத்தமில்லை. நான் அதை வெளியவே எடுத்துப்போடுவேன். அப்புறம் வில்லைக்குப் பதிலாக் கண்ணாடி போட்டுக்கணும்."

"கண்ணு போயிருங்களா?" என்று நங்கை கேட்டாள்.

"போகாதுன்னு சத்தியம் பண்ண முடியாதுங்க. சொன்னபடி இருந்தா, பெரும்பாலும் நல்லபடியா வரும். படுத்த படுக்கையா, தலையை அசைக்காம, குனியாம, இருமாம, தும்மாம இருக்கணும். தையல் இல்லை, காயம் தானாத்தான் கூடணும். உள்ள இருந்து ஒரு அழுத்தம் வந்தாப் போதும், பிரிஞ்சு போயிரும்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "இருமல் இருக்குதுங்களாம்மா?"

சபையாரே, எனக்கு இருமல் இருந்தது. நூற்கிற எல்லாருக்கும் இருக்கும். பஞ்சுத் தூசி தொண்டையில் ஒட்டி, நாளுக்கு நாலைந்து முறை வறட்டு இருமல் வரும். நங்கைக்கும் உண்டு. எங்களுக்கு அது நோயாகவே தோன்றாது. ஆனால் அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது. இருக்கிறது என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அனுப்பினால் மறுபடியும் பஸ் ஏறி வர எனக்குத் தைரியம் இருக்காது.

"இல்லீங்க" என்றேன்.

நங்கை என் பக்கம் திரும்பியது தெரிந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் நான் அவள் கையை அழுத்திவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் ஆபரேஷன் நடந்தது. கண்ணில் மருந்துச் சொட்டு விட்டு மரத்துப்போகச் செய்தார்கள். எனக்கு நினைவு இருந்தது. டாக்டர், "கீழ பாருங்க, உங்க காலைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வலி இல்லை. ஆனால் பயம் மரக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் மறந்து, இயேசுவே, இயேசுவே என்று மட்டும் உள்ளுக்குள் சொன்னேன். முடிந்ததும் இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டினார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்தார்கள்.

நர்ஸ் தங்கம்மா பாலக்காட்டுப் பக்கத்துப் பெண். "அம்மச்சி, தலை அனங்கக்கூடாது கேட்டோ. கஞ்சி ஞான் ஊட்டித் தரும். எது வேணுமெங்கிலும் ஒறக்க விளிக்கணும், ஒறக்க" என்றாள். தலை அசையக் கூடாது, எது வேண்டுமானாலும் சத்தமாகக் கூப்பிட வேண்டும் என்று அர்த்தமாம்.

நான் தரையில் நெற்றி படாமல் ஜெபித்தவளே அல்ல. குனியாமல் ஜெபிப்பது எனக்கு ஆண்டவரிடம் காலை நீட்டிக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. மல்லாந்து படுத்தபடியே மன்னிப்புக் கேட்டேன். நங்கை பக்கத்தில் உட்கார்ந்து தக்ளியில் நூற்றுக்கொண்டிருந்தாள். சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. தங்கம்மா அதைப் பார்த்துவிட்டு, பஞ்சுப் பொடி கட்டில் பக்கத்தில் கூடாது என்று அவளை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டாள். நங்கை முனகிக்கொண்டே போனாள்.

முதல் நாள் எப்படியோ கழிந்தது. இரண்டாம் நாள் தொண்டை அரித்தது. எச்சிலை விழுங்கி விழுங்கி அடக்கினேன். தங்கம்மா கஞ்சி ஊட்டும்போது, "எந்தெங்கிலும் உண்டோ அம்மச்சி?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். முதலில் சொன்ன பொய்யை இப்போது எப்படி மாற்றுவது என்று வெட்கம்.

மூன்றாம் நாள் மத்தியானம். வார்டில் எல்லாரும் அசந்திருந்தார்கள். சோளக்கதிரின் சுணை தொண்டையில் ஏறினது போல் ஓர் அரிப்பு எழுந்தது. விழுங்கினேன், போகவில்லை. மூச்சைப் பிடித்தேன். "ஆண்டவரே, இந்த இருமலை நிறுத்தும்" என்று கெஞ்சினேன். நிற்கவில்லை. வந்துவிட்டது. ஒரே ஒரு இருமல். கண்ணுக்குள் ஊசி ஏறினது போல் சுருக்கென்றது. கட்டுக்கு அடியில் வெதுவெதுப்பாக ஏதோ கசிந்தது. தண்ணீரோ, ரத்தமோ, எனக்குத் தெரியாது. இடது கண் போன நாள் அப்படியே என் மேல் வந்து விழுந்தது. அடுத்த இருமல் நெஞ்சில் உருண்டுகொண்டிருந்தது. அதுவும் வந்தால் முடிந்தது.

அப்போது என் ஜெபம் தானாக மாறியது. நான் யோசித்து மாற்றவில்லை. "அப்பா, இருமலை நிறுத்தாவிட்டாலும் போகிறது, என் வாயைத் திறவும்" என்று கேட்டேன்.

கேட்டதும் என் வாய் திறந்தது. இந்த வயது வரைக்கும் நான் அப்படிக் கத்தினதில்லை.

"ஏனுங்க, யாராச்சும் வாங்க. எனக்கு இருமல் இருக்குதுங்க. டாக்டரய்யாகிட்டப் பொய் சொல்லிப்போட்டனுங்க."

வராந்தா தூரம். என் குரல் அவ்வளவு தூரம் போயிருக்காது. ஆனால் பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மாள் விழித்துக்கொண்டாள். கருமத்தம்பட்டிக்காரி. அவளுக்கும் என்னைப் போலவே இரண்டு கண்ணும் கட்டு. "ஏனுங்க நர்சம்மா, இங்க வாங்க, இந்தம்மாளுக்கு இருமலாமா" என்று கூப்பிட்டாள். அவளுக்கு அடுத்த கட்டிலில் இருந்தவள் அதை வாங்கிக் கூப்பிட்டாள். அதற்கும் அடுத்தவள். ஒருத்திக்கும் கண் தெரியாது, ஒருத்தியும் தலையைத் தூக்க முடியாது. மல்லாந்து படுத்தபடியே கட்டில் கட்டிலாக என் குரலைக் கொண்டுபோய் வாசலில் சேர்த்தார்கள். கடைசிக் கட்டில்காரி, "ஏ நர்சு, காது என்ன அடைச்சுப் போச்சா?" என்றது எனக்கே கேட்டது.

தங்கம்மா ஓடிவந்தாள். என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வாய் தொறக்கு. மெல்ல ஸ்வாசம் விடு. அடக்கண்டா" என்றாள். இருமலை அடக்க வேண்டாம் என்கிறாள். தித்திப்பும் கசப்புமாக ஒரு மருந்தைக் கரண்டியால் சொட்டுச் சொட்டாக விட்டாள். நெஞ்சில் உருண்டது மெல்லக் கரைந்தது. அந்த இரண்டாம் இருமல் வரவில்லை.

டாக்டர் வந்து கட்டைத் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் கட்டினார்.

"உங்களைக் கேட்டனேம்மா" என்றார்.

"கேட்டீங்க."

"ஏன் மறைச்சீங்க?"

"ஊட்டுக்கு அனுப்பிப்போடுவீங்கன்னுங்க."

"அனுப்பித்தான் இருப்பேன். பத்து நாளைக்கு மருந்து குடுத்து, இருமல் நின்னதும் வரச் சொல்லியிருப்பேன். அவ்வளவுதான்."

பத்து நாள். அந்தப் பத்து நாளுக்குப் பயந்து மிச்சமிருந்த ஒரே கண்ணைப் பந்தயம் வைத்திருக்கிறேன்.

"போயிருச்சுங்களா?" என்று கேட்டேன்.

"காயம் கொஞ்சம் விலகியிருக்குது. இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. பத்தாம் நாள் பாக்கலாம்."

அதிலிருந்து ஏழு நாள். அந்த ஏழு நாளை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கட்டுக்குள் ஒரு துடிப்பு வந்தால் சீழ் பிடிக்கிறதோ என்று நினைப்பேன். துடிப்பு இல்லாவிட்டால் கண் செத்துப்போனதோ என்று நினைப்பேன். அழக்கூடக் கூடாது என்று தங்கம்மா சொல்லிவிட்டாள். நங்கை தக்ளியைப் பைக்குள் போட்டுவிட்டு என் கட்டிலை விட்டு நகரவே இல்லை. ஒரு நாள் என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "இது போனா என்றது ஒண்ணைப் புடுங்கி வெய்யச் சொல்லறேன்" என்றாள். சிரிக்கவும் கூடாது என்று நான் சொன்னேன். அவள் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை.

நான் இப்போது கண்ணை மட்டும் கேட்கவில்லை. கண் வந்தாலும் வராவிட்டாலும் இனிமேல் மறைக்கமாட்டேன் என்று சொல்லி ஜெபித்தேன். தங்கம்மா கேட்டால் வலி இருந்தால் வலி என்றேன், மலம் போகாவிட்டால் போகவில்லை என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொன்னேன்.

பத்தாம் நாள் காலையில் கட்டை அவிழ்த்தார்கள். முதலில் வெளிச்சம் மட்டும் வந்தது. தாங்க முடியாத வெளிச்சம். பிறகு அதற்குள் ஏதோ அசைந்தது.

"இது எத்தனை விரலுங்க?"

"மூணுங்க."

"இது?"

"ஒண்ணுங்க. உங்களுக்குப் பின்னால வெள்ளையா ஒண்ணு நிக்குதுங்க."

அது நங்கையின் தலை. நான் கடைசியாகப் பார்த்தபோது பாதிதான் நரைத்திருந்தது. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

கண்மணி வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது, அந்த இருமலின் வேலை அது, வெயிலில் கூசும், ஆனால் பார்வை நிற்கும் என்றார் டாக்டர். என்னைக் கிட்டே வந்து பார்க்கிறவர்களுக்கு அது இன்றைக்கும் தெரியும். ஆண்டவர் கண்ணைக் கொடுத்தார், என் பொய்யின் தழும்பையும் அதிலேயே வைத்தார். இரண்டுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுகிறேன்.

ஆனியில் மறுபடி போய்த் தடித்த கண்ணாடி வாங்கி வந்தேன். போட்டதும் எல்லாம் பெரிதாகி முகத்துக்கு நேரே வந்துவிட்டது. வாசற்படி கிட்டத்தில் இருக்கிறது என்று காலை வைத்துத் தடுக்கினேன். பழக ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதத்தில் ஒரு நாள் பஞ்சுக் கூடையைத் துழாவியபோது, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் நூற்ற சிட்டங்கள் இரண்டு அடியில் கிடந்தன. நீலக் கிழிசல் ஒன்று, சிவப்பு ஒன்று. அவசரமாகக் கிளம்பியதில் ரங்கசாமிக்குக் கொடுக்காமல் விட்டது.

நீலத்தை எடுத்துப் பார்த்தேன். என் நூல். ஓரிடம் மயிர் போல, ஓரிடம் சுண்டுவிரல் பருமன், நடுநடுவே முடிச்சு. சிவப்பை எடுத்தேன். சிலந்தி இழை போல் ஒரே சீராக இருந்தது.

எனக்கு முதலில் புரியவில்லை. வாராவாரம் ரங்கசாமி புகழ்ந்தது நீலத்தை. திட்டினது சிவப்பை.

"நங்கை, இதென்னுங்க?" என்று இரண்டையும் நீட்டினேன்.

அவள் பார்த்தாள். கொஞ்ச நேரம் ராட்டையைச் சும்மா சுற்றினாள். "கிழிசலை மாத்திக் கட்டறதுக்கு எத்தனை நேரமாகும்? வெள்ளிக்கெளமை நீ தூங்கின பொறவு மாத்திப்போடுவேன். அந்த வாரம் வெள்ளிக்கு முன்னாலயே கெளம்பிட்டமே."

"எதுக்குங்க?"

"உன்ற எடது கண்ணை நாந்தானே சந்தைக்குக் கூட்டிட்டுப் போயித் தொலைச்சேன். திட்டு வாங்கறதுக்கு என்ற காது நல்லாத்தானே இருக்குது."

ஒரு வருஷத்துக்கு மேல். வாராவாரம் என் நூலுக்கு அவள் திட்டு வாங்கியிருக்கிறாள். நான் அவள் விரல்களுக்காக இரக்கம் கேட்டு ஜெபித்திருக்கிறேன். நான் மறைத்துவிட்டதாக நினைத்தது அவளுக்கு முதல் மாதமே தெரிந்திருக்கிறது. இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "எழுது. அன்னிக்கே உன்ற நூலை உன்ற மூஞ்சிக்கு முன்னால வீசியிருந்தா, ஒரு வருசம் முன்னாலயே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம். கெணத்தடிக்கும் போயிருக்க மாட்டே. அதையும் சேத்து எழுது" என்றாள். சேர்த்து எழுதிவிட்டேன்.

சபையாரே, குறிப்பாக என் வயதுப் பெண்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். விளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்தால், வெயிலில் முகம் மறைந்தால், கண்ணில் மங்கல் தட்டினால், வயதாகிவிட்டது என்று மூலையில் உட்காராதீர்கள். கண்ணில் எதையும் பிழிந்து ஊற்றாதீர்கள். சந்தை ஊசிக்குக் கண்ணைக் கொடுக்காதீர்கள். வெயிலில் போகும்போது முந்தானையை நெற்றிக்கு மேலே இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள், அடுப்புப் புகையில் முகத்தைக் கொடுத்து ஊதாதீர்கள் என்று டாக்டர் எனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறேன். உங்களுக்கு என்ன இருக்கிறதோ அதை டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள். ஆண்டவரிடமும் சொல்லுங்கள். நான் புரையைத் தொட்டு நீக்கும் என்று கேட்டேன். அவர் என் வாயைத் தொட்டார். பிறகு கட்டில் கட்டிலாக யார் யார் வாயையோ தொட்டார். நான் கேட்டது அப்படித்தான் வந்து சேர்ந்தது.

இன்னொன்று. எங்கள் ஊர்ப் பக்கம் யாருக்காவது பார்வை மங்கியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எங்கள் வீட்டுக்கு வாருங்கள். எல்லார் முன்னாலும் சொல்ல வெட்கமாக இருந்தால் என் காதில் மட்டும் சொல்லுங்கள், எனக்கு அந்த வெட்கம் தெரியும். பஸ் ஏறும் வரைக்கும் நானும் நங்கையும் கூட வருகிறோம், வேண்டுமானால் கோயமுத்தூர் வரைக்கும் வருகிறோம். தோட்டத்து வழியாகத்தான் போக வேண்டும். பயப்படாமல் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் முன்னால் நடக்கிறேன். கிணறு எந்தப் பக்கம் என்று இப்போது எனக்குத் தெரியும்.